எண்ணெய்ச் சட்டிக்கு யார் டெஸ்ட் எடுப்பது?

கொலஸ்ட்ராலை அளக்க வேண்டுமானால் முதலில் அதைக் கெடுக்க வேண்டும். சாத்தான்குளம் கடைத்தெருவில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். எடுத்த ரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டால், உறைந்தது அடியில் இறங்கி மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்கும். அதில் பத்து மைக்ரோலிட்டரை ஒரு மில்லி ரீஏஜென்ட்டில் விடுவேன். அதிலிருக்கும் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் என்ற நொதி, ஆக்சிஜனைக் கொண்டு கொலஸ்ட்ராலை வேறு பொருளாக மாற்றிவிடும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். அந்தப் பெராக்சைடு பக்கத்திலிருக்கும் சாயப் பொருளை இளஞ்சிவப்பாக்கும். 37 டிகிரியில் ஐந்து நிமிடம் போதும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு கொலஸ்ட்ரால். 1974-இல் வந்த முறை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி மெஷின்களுக்குள்ளும் பெரும்பாலும் இதேதான் ஓடுகிறது.

ஆக, காலை முழுக்க நான் செய்வது ஆக்சிஜனேற்றம்தான். ஆனால் ரிப்போர்ட்டில் நான் எழுதிக் கொடுக்கும் 210, 240 என்ற எண், அந்த மனிதரின் கொழுப்பு கெட்டிருக்கிறதா, கெடாமல் இருக்கிறதா என்று சொல்லாது. எவ்வளவு என்று மட்டும் சொல்லும். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான எல்.டி.எல்.-க்குத் தனியே ஒரு வரி இருக்கிறதே, அதைக்கூடப் பல லேப்களில் நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழித்துப் போடுகிற கணக்கு அது. 1972-இல் ஃபிரீட்வால்ட் என்பவர் சொன்ன சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சூத்திரம் செல்லாது. அப்படிப்பட்டவரின் சீரம் பல நேரம் பால் கலந்த தண்ணீர்போல வெளுத்துக் கலங்கி நிற்கும். மெஷின் தேவையில்லை, கண்ணே போதும்.

இதைப் பற்றி எழுத உட்கார வைத்தது எதிர்த்த டீக்கடை. லிப்பிட் டெஸ்ட்டுக்கு வருகிறவர்கள் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. ஊசி குத்திப் பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்து, ரோட்டைத் தாண்டி, அண்ணாச்சி கடையில் ரெண்டு உளுந்த வடையை வாங்கிப் பட்டினியை முடிக்கிறார்கள். முந்தா நாளிலிருந்து கறுத்துக் கிடக்கும் எண்ணெயில் வெந்த வடை. சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வரும்போது அதே ஆள் கேட்பார்: "முட்டைய அடியோட நிப்பாட்டிட்டேன்லாக்கா, பொறவு எப்படி கூடும்?" இன்னொருவர் தூத்துக்குடி மக்ரூனைக்கூட விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். மக்ரூனில் போவது முட்டையின் வெள்ளைக்கரு, முந்திரி, சீனி. முட்டையின் கொலஸ்ட்ரால் அத்தனையும் மஞ்சளில் இருக்கிறது. சீனிக்குப் பயந்து விட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

என் வாதம் ஒன்றே ஒன்று. ஊர் ஜனங்களின் ரத்தத்தை வருஷா வருஷம் அளக்கிறோம். அவர்கள் தின்கிற பண்டம் வேகிற சட்டியை அளக்க ஆளில்லை. சட்டம் இருக்கிறது, அது பெரிய கடைகளின் வாசலோடு நின்றுவிடுகிறது. நம்மைப் போன்ற பேரூராட்சிகளுக்குள் அதைக் கூட்டி வர வேண்டும், அதுவும் அபராதத் தாளோடு அல்ல, காசோடு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரிய, கொலஸ்ட்ரால் எப்படிப்பட்ட பொருள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அது விஷம் இல்லை. 27 கார்பன், நான்கு வளையம், ஒரு வால். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. அதிலிருந்துதான் கல்லீரல் பித்த அமிலம் செய்கிறது. ஆண், பெண் ஹார்மோன்களும் அதிலிருந்தே வருகின்றன. தேரிக்காட்டில் சட்டையில்லாமல் பனையேறுகிறவரின் முதுகில் வெயில் படும்போது, கொலஸ்ட்ராலாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் பொருள் வைட்டமின் டி ஆகிறது. சாப்பாட்டில் வருவதைவிட அதிகமான கொலஸ்ட்ராலை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று பல வருஷம் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015-இல் அந்த எண்ணை எடுத்துவிட்டது.

பலவீனம் இருக்கிற இடம் அதன் வளையத்தில் ஐந்தாம் கார்பனுக்கும் ஆறாம் கார்பனுக்கும் நடுவில் உள்ள இரட்டைப் பிணைப்பு. அதற்கு அடுத்த ஏழாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்காது. சூடு, வெளிச்சம், இரும்பு, செம்பு, இவற்றில் எது துணைக்கு வந்தாலும் அது கழன்றுவிடும்; காலியான இடத்தில் ஆக்சிஜன் உட்காரும். முதலில் பெராக்சைடு, பிறகு அது உடைந்து 7-ஹைட்ராக்ஸி, 7-கீட்டோ கொலஸ்ட்ரால். இரட்டைப் பிணைப்பிலேயே ஆக்சிஜன் ஏறினால் எபாக்சைடு. இவற்றையெல்லாம் சேர்த்து ஆக்ஸிஸ்டெரால் என்கிறார்கள்.

இதில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆக்சிஜன் ஏறினாலே நஞ்சு என்பதில்லை. கல்லீரல் பித்த அமிலம் செய்யத் தொடங்கும்போது முதல் வேலையாக அந்த ஏழாம் கார்பனில்தான் ஆக்சிஜனை ஏற்றுகிறது. மூளை தன் மிச்சக் கொலஸ்ட்ராலை 24-ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏற்றி வெளியே அனுப்புகிறது. உடம்பு நொதியை வைத்து, இடம் பார்த்து, அளவாகச் செய்கிற வேலை அது. 180 டிகிரிச் சட்டியில் யார் மேற்பார்வையும் இல்லாமல் கண்டபடி நடப்பது வேறு.

சட்டியில் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எண்ணெய் பாக்கெட்டில் இதயம் படம் போட்டுக் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்களே? தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படிக் கொலஸ்ட்ரால் கிடையாது. அது அந்தக் கம்பெனியின் சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணெயில் சாயங்காலம் சிக்கன் 65 விழுகிறது, மீன் விழுகிறது, முட்டை போண்டா விழுகிறது. கறியின் கொழுப்பு எண்ணெயில் இறங்கும். எண்ணெய் கறிக்குள் ஏறும். இறங்கிய கொழுப்போடு கொலஸ்ட்ராலும் இறங்கி, மறுநாள் காலை வரை அங்கேயே கிடந்து, திரும்பச் சூடேறும். வடை சுடும் எண்ணெய்க்குள் கொலஸ்ட்ரால் போய்ச் சேருகிற வழி இது.

அது தனியாகவும் கெடுவதில்லை. சுற்றியிருக்கும் எண்ணெய் கெடும்போது சேர்ந்து கெடுகிறது. கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு எத்தனை கூடுதலோ அத்தனை சீக்கிரம் ஆக்சிஜன் பிடிக்கும். சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலிக் அமிலம். மீன் கொழுப்பின் டி.எச்.ஏ.-வில் ஆறு. ஒரு மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்தால் அது பக்கத்து மூலக்கூறிடமிருந்து பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் போகும். கடைசியில் ஆல்டிஹைடுகள் உடைந்து வெளியேறுகின்றன. நம் மூக்குக்குத் தெரிகிற காறல் வாடை அதுதான். இதற்கு நடுவே, வடை மாவிலுள்ள தண்ணீர் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தைப் பிரித்துவிடும். அதனால் எண்ணெய் சீக்கிரம் புகையத் தொடங்கும். இன்னொரு பக்கம் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணெய் கெட்டியாகிப் பிசுபிசுக்கும், நுரை அடங்காது. சட்டி முன்னால் நிற்கிற எந்த மாஸ்டருக்கும் இந்த மூன்றும் தெரியும்: புகை, பிசுக்கு, நுரை. வேதியியல் படித்தவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படிக் கெட்ட கொலஸ்ட்ரால் ரத்தக் குழாயை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்தது. 'கொலஸ்ட்ரால் தின்றால் மாரடைப்பு' என்று ஊர் நம்பத் தொடங்கியதன் வேர் அங்கே இருக்கிறது. புல் தின்கிற முயலுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் உண்டு என்பது ஒரு பக்கம். என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது 1976-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. பாட்டிலில் கிடந்து பழசான கொலஸ்ட்ராலில் காற்றுப்பட்டு உருவான கலப்புகளைப் பிரித்தெடுத்து முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாய்ச் செல்களைச் சாகடித்ததில் அந்தக் கலப்புகள், சுத்தம் செய்த புதுக் கொலஸ்ட்ராலைவிட மோசமாக இருந்தன. லேப்பில் ரீஏஜென்ட் பாட்டிலின் தேதியைத் தினம் பார்க்கிறவள் நான். அலமாரியில் பழசான பாட்டில் ஒரு சோதனையின் முடிவையே மாற்றிவிடும் என்பது எனக்கு நன்றாகப் புரியும்.

அடுத்த முடிச்சை அவிழ்த்தவர் சான் டியேகோவில் இருந்த டேனியல் ஸ்டைன்பர்க். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி வீங்கிக் கிடப்பவை மேக்ரோஃபேஜ் என்கிற துப்புரவு செல்கள். வேடிக்கை என்னவென்றால், கெடாத எல்.டி.எல்.-ஐக் கொண்டுபோய் அவற்றின் முன்னால் வைத்தால் அவை அளவாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறி உருமாறிய எல்.டி.எல்.-ஐ வைத்தால் அடங்காமல் விழுங்கும். 1985-இல் நோபல் பரிசு வாங்கிய பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இந்த விழுங்கலுக்கு வேறொரு வாசல் இருப்பதை முன்பே காட்டியிருந்தார்கள். 1989-இல் ஸ்டைன்பர்க்கும் கூட்டாளிகளும் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு அது என்ன ஆகிறது என்பதும் முக்கியம் என்று எழுதினார்கள்.

இந்தக் கதையில் நம் சமையலறையும் ஒருமுறை கூண்டில் ஏறியது. 1987 செப்டம்பரில் 'லான்செட்' இதழில் மார்க் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாடுகளில் குடியேறிய இந்தியருக்கு மாரடைப்பு ஏன் இவ்வளவு அதிகம்? வழக்கமான காரணங்கள் எதுவும் போதவில்லை. அவர் கை நெய்யை நோக்கி நீண்டது. ஆராய்ந்த நெய்யின் ஸ்டெராலில் 12.3 சதவீதம் ஆக்சிஜன் ஏறிய கொலஸ்ட்ரால். புது வெண்ணெயில் அது இல்லை. செய்தி உலகம் சுற்றியது, நெய் வில்லன் ஆனது. ஆனால் அவர் அளந்தது நெய்யை. தின்றவர்களின் ரத்தக் குழாயை அல்ல. பிறகு கர்னாலிலும் பெங்களூரிலும் பால் விஞ்ஞானிகள் இதைத் தோண்டினார்கள். எந்தச் சூட்டில் உருக்கினாய், எத்தனை நாள் வைத்தாய், திரும்பத் திரும்பப் பொரித்தாயா என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது. பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி புது நெய் விடுவதும், அதே நெய்யில் நாலு நாள் பலகாரம் சுடுவதும் ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் வெண்ணெய் உருக்கினால் இறக்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரை விழும். சாத்தான்குளம் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. செம்மண்ணில் வேறெது வராவிட்டாலும் அது வரும். அம்மாவுக்கு அது வாசத்துக்கும், பொரிந்த கீரையைச் சோற்றில் பிசைந்து தின்பதற்கும். எனக்கு அந்த இலையில் உள்ள ஃபீனால் பொருட்கள் ஞாபகம் வரும். ஆக்சிஜன் சங்கிலி ஓடும்போது குறுக்கே நின்று தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை நிறுத்தக்கூடியவை அவை. நல்லெண்ணெயும் அப்படித்தான். அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் லினோலிக் அமிலம். கணக்குப்படி சீக்கிரம் காறிப்போக வேண்டும். போவதில்லை. எள்ளில் உள்ள செசமோலின் சூட்டில் செசமோலாக மாறி எண்ணெயைக் காக்கிறது. செக்கில் எள்ளோடு கருப்பட்டித் துண்டு போட்டு ஆட்டுவது நம் பக்கத்து வழக்கம். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர்களிடம் அதற்கு ஒரு பெரிய விளக்கமே உண்டு. எண்ணெய் பிரிந்து வர அது உதவுகிறது என்பது வரை நான் ஒப்புக்கொள்வேன். அதற்குமேல் செக்கு எண்ணெய் என்றாலே சர்வரோக நிவாரணி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு நான் பொறுப்பில்லை.

அதேபோல, ஆக்சிஜனேற்றம்தான் பகை என்றால் மாத்திரையால் அதைத் தடுத்துவிடலாமே என்றும் உலகம் முயன்றுபார்த்தது. ஹோப் என்ற பெரிய ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ நாலரை வருஷம் கொடுத்தார்கள். 2000-இல் முடிவு வந்தது: மாரடைப்பு குறையவில்லை. ஆகவே என்னிடம் வந்து 'ஆன்டி ஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் எது நல்லதுக்கா' என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில், காசை மிச்சம் பிடியுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைக் காட்டி அதை நிறுத்திவிடவும் வேண்டாம். எல்.டி.எல். எண்ணைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்பது நன்றாக நிரூபணமான விஷயம். 2004-இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுப்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டாருக்கு 58.8. அதன் காரணங்களில் பீடி, சிகரெட், சர்க்கரை, பிரஷர், தொப்பை எல்லாம் முன்வரிசையில் இருந்தன. பழைய எண்ணெய் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அதை யாரும் அங்கே அளக்கவும் இல்லை. வடைச் சட்டி மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அதில் நல்லது ஒன்றும் இல்லை என்று சொல்ல ஆதாரம் நிறைய இருக்கிறது. மற்ற காரணங்களோடு ஒப்பிட்டால் இதைச் சரிசெய்வது சுலபம். பீடியை விடவைப்பது எவ்வளவு பாடு!

கடற்கரைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியதாழை, மணப்பாடு பக்கம் மணலில் காயும் நெத்திலியும் சாளையும் எங்கள் ஊர்ச் சந்தைக்குத்தான் வருகின்றன. கொழுப்புள்ள மீனை நேர் வெயிலில் போட்டால் அதன் டி.எச்.ஏ. கெடும், கூடவே கொலஸ்ட்ராலும் கெடும். ஜப்பானில் 1993-இல் உலர்மீன்களில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சாளைக் கருவாட்டில் பழுப்பு மஞ்சளாக ஒன்று ஏறுகிறதே, அது அந்தக் கெடுதலின் நிறம். இதற்காகக் கருவாட்டை விட வேண்டும் என்று நான் எழுதினால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. உயரத் தட்டிகளில், காற்றோட்டமாக, நிழல் வலைக்கடியில் காயவைத்தால் பாதி தீர்ந்தது. சோலார் உலர்த்திகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அறிவு இங்கேயே இருக்கிறது, மணலுக்கு வந்துசேரத்தான் நேரமாகிறது.

இனி சட்டிக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் ஒரு வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொரிக்கும் எண்ணெயில் போலார் காம்பவுண்ட் எனப்படும் சிதைவுப் பொருட்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. நல்ல அளவுகோல்தான். சூடான எண்ணெயில் ஒரு கம்பியை முக்கினால் எண்ணைக் காட்டுகிற கையடக்கக் கருவி உண்டு. அந்த ஆகஸ்டிலேயே, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் அதே ஆணையம் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் மூன்றும் சேர்ந்து, அப்படித் தயாராகும் பயோடீசலை முதல் வருஷம் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தன. 100 நகரங்களில்.

நூறு நகரம் என்றால் சாத்தான்குளம் எங்கே? இன்னொரு நிபந்தனையையும் பாருங்கள். 2019 மார்ச் முதல், நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பொரிக்கப் பயன்படுத்தும் கடைகள்தான் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், பழைய எண்ணெயை அங்கீகரித்த ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும். எங்கள் கடைத்தெருவில் நாளைக்கு 50 லிட்டர் ஊற்றுகிற சட்டி எது? சாயங்காலம் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிற அக்காவின் சட்டியில் ரெண்டு லிட்டர் இருந்தால் அதிகம். 25 சதவீத வரம்பு அவருக்கும் பொருந்தும். ஆனால் அவருடைய எண்ணெயை யாரும் அளக்கவும் வரப்போவதில்லை, வாங்கவும் வரப்போவதில்லை. காகிதத்தில் சட்டம் எல்லாருக்கும், ஏற்பாடு சிலருக்கு.

அந்த அக்காவின் கணக்கை ஒருநாள் சும்மா கேட்டுப்பார்த்தேன். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் வீட்டுக்கே பத்தாது. வியாபாரத்துக்கு வெளியில்தான் வாங்குகிறார். ராத்திரி மிஞ்சிய எண்ணெய் அவருக்குக் குப்பை இல்லை, நாளைக்கான முதல். வடிகட்டி, கசடை நீக்கி, காலையில் மேலே புது எண்ணெயை ஊற்றித் தொடங்குவார். எண்ணெய் கெட்டது அவருக்குத் தெரியாதா? "தெரியாமலாக்கா, ஊத்துத கைக்குத் தெரியாதா? கொட்டுனா எம் பொழப்பக் கொட்டுத மாதிரிலா," என்றார். பழைய எண்ணெயில் புதுசை ஊற்றினால் புதுசும் வேகமாகக் கெடும், பழசிலுள்ள பெராக்சைடு சங்கிலியைத் தொடக்கிவிடும் என்று நான் விளக்கியது அவருடைய கணக்குக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. இவரிடம் போய் அபராதம் போடுகிற அதிகாரியை நான் ஆதரிக்க மாட்டேன். பெரிய ஹோட்டல் தன் பழைய எண்ணெயை டின்னோடு சின்னக் கடைக்கு மலிவாகத் தள்ளிவிடுகிறதே, அந்த வழியை அடைக்கிற அதிகாரிக்கு மாலை போடலாம்.

வழி நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பால் சொசைட்டியைப் பாருங்கள். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவர் ஒன்றரை லிட்டர் கொண்டுவந்தாலும் வாங்குகிறார்கள். அங்கேயே கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ற விலையை ஏட்டில் எழுதுகிறார்கள். இத்தனைக்கும் பால் மணிக்கணக்கில் கெட்டுப்போகும் பொருள். ஏற்கெனவே கெட்டுப்போன எண்ணெயை வாரம் ரெண்டு தடவை வாங்குவதில் என்ன சிரமம்? பேரூராட்சிக்கு ஒரு இடம், மகளிர் குழுவிலிருந்து ரெண்டு பேர், ஒரு தராசு, ஒரு சோதனைக் கருவி, ரெண்டு பெரிய டிரம். பழசை எடைபோட்டு வாங்கி, அதன் விலையைப் புது எண்ணெயில் கழித்துக் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடும். எண்ணெயாகக் கொடுத்தால் சட்டிக்குள் போகும். டிரம் நிறைந்ததும் லாரி வரட்டும். திருச்செந்தூர், உடன்குடி, நாசரேத், சாத்தான்குளம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிகிற தூரம்தான். போக்குவரத்துக் கட்டாது என்று கம்பெனி சொன்னால், வித்தியாசத்தை அரசு கொடுக்கலாம்.

இதில் எனக்குள்ள சந்தேகம் ஒன்று. டிரம்மில் சேர்ந்த எண்ணெய் பின்பக்கமாகத் திரும்பவும் சந்தைக்கு வந்துவிட்டால்? வாங்கிய இடத்திலேயே அதில் வாடையோ சாயமோ கலந்துவிட்டால் திரும்ப வராது. அதைச் சட்டமாகவே போடலாம்.

தொடங்குவதற்கு இடமும் நான் சொல்கிறேன். புரட்டாசியில் குலசை முத்தாரம்மன் கோயிலில் தசராக் கொடி ஏறினால், பத்து நாளும் குலசேகரன்பட்டினம் ரோட்டோரம் பஜ்ஜி, வடை, அப்பளம், பொரிச்ச மீன் என்று சட்டிக்குச் சட்டி. வேஷம் கட்டி வருகிற பக்தர் கூட்டம் அத்தனையும் அங்கேதான் தின்கிறது. விரதம் முடித்த வயிறு வேறு. ஒவ்வொரு வருஷமும் அதற்கு முன்னால் கலெக்டர் தலைமையில் கூட்டம் போட்டு குடிதண்ணீர், பஸ், கழிப்பறை, ஆம்புலன்ஸ் என்று துறைவாரியாகப் பொறுப்புக் கொடுக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை ஆட்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வருஷம் அவர்கள் கையில் நோட்டீஸுக்குப் பதிலாக அந்தக் கம்பிக் கருவியையும், பத்து டிரம்மையும், மாற்றிக் கொடுக்கப் புது எண்ணெயையும் கொடுத்து அனுப்புங்கள். பத்து நாளில் எத்தனை லிட்டர் சேர்ந்தது, எத்தனை சட்டி 25-ஐத் தாண்டியிருந்தது என்ற கணக்கைப் பேப்பரில் போடுங்கள். மிச்சத்தை அதற்கப்புறம் பேசலாம்.